கு. நமசிவாயத்தின் மெய்க்கோப்பு

திரையில் ‘நோயாளிக்கு உறவு’ என்ற கட்டத்தில், என் எதிரே உட்கார்ந்திருந்தவர் நோயாளியின் மகன் என்று இருந்தது. அடுத்த வரியில் நோயாளியின் தந்தை என்றும் இருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் பச்சை டிக். பச்சை டிக் விழுந்த பிறகு யோசிப்பது எங்கள் பணி விவரத்தில் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

“சார், கு. நமசிவாயத்துக்கு நீங்க என்ன வேணும்?”

“அப்பா.”

“மகன்னும் போட்டிருக்கே.”

“அதுவும் சரிதான் தம்பி. எங்கப்பா பேரும் கு. நமசிவாயம்தான்.”

அவர் பெயர் ந. குழந்தைவேலு. வயது அறுபத்தொன்று. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்த கடைசி ஆட்களில் ஒருவர். எதைக் காட்டினாலும் கண்ணாடியைப் போட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நிமிர்வார். மடியில் ஒரு மஞ்சள் பை. அப்போது மணி பன்னிரண்டு.

“எங்க தாத்தா குழந்தைவேலு. அவர் மகன் நமசிவாயம், எங்கப்பா. அவர் மகன் குழந்தைவேலு, நான். என் மகன் நமசிவாயம். பேரனுக்குத் தாத்தா பேரு வைக்கிறது எங்க வழக்கம். வீட்ல மொத்தம் ரெண்டே பேரு. மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்.”

“இனிஷியலும் அதேதானே வரும்?”

“வராம? அப்பா பேருதானே இனிஷியலு. கு. நமசிவாயம் அஞ்சு வருஷம் முன்னாடி செத்துட்டாரு. கு. நமசிவாயம் இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கான். அதைச் சொல்லத்தான் வந்தேன். குடல்வால் வெடிச்சிடுச்சு தம்பி. ஆபரேஷன் பண்ண மாட்டேங்கிறாங்க.”

நான் கோப்பைத் திறந்தேன். கு. நமசிவாயம், பம்மல். குடல்வால் 1994 ஆகஸ்டில் அகற்றப்பட்டது. இல்லாத உறுப்பு வெடிக்காது. அனுமதி மறுக்கப்பட்டது.

எங்கள் அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்பீட்டில் முதல் தரப்பு உடம்பு சரியில்லாதவர். இரண்டாம் தரப்பு காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் தரப்பு நாங்கள். ஈக்காட்டுத்தாங்கலில் ஆறு மாடி. நாங்கள் யாருக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை, யாருக்கும் எதையும் மறுப்பதும் இல்லை. ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மெய்க்கோப்பு, பிறப்பிலிருந்து இறப்பு வரைக்கும், அதற்கு மேல் பத்து வருஷம். அதைக் காப்பதுதான் வேலை. சட்டத்தை எழுதியவர்கள் ‘மெய்’ என்பதை உடம்பு என்ற பொருளில் எழுதினார்கள். முதல் வழக்கு வந்தபோது நீதிமன்றம் அதை உண்மை என்ற பொருளில் படித்தது. அகராதியில் இரண்டுமே உண்டு. அன்றிலிருந்து கோப்பில் இருப்பதுதான் உடம்பு. ஆபரேஷன் தியேட்டரின் கதவு, மயக்க மருந்து இயந்திரம், மருந்து அலமாரி எல்லாம் கோப்பைப் படித்துத்தான் திறக்கும். டாக்டரைப் பார்த்துத் திறக்காது.

போன மாதம் பழைய நிர்வாக நிறுவனம் ஒன்றின் உரிமம் முடிந்தது. விதிப்படி அவர்கள் வைத்திருந்த ஒரு கோடியே பத்து லட்சம் கோப்புகளையும் எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே கதவு எண் என்றிருந்தவற்றை எந்திரம் ஒன்றாக்கிவிட்டது. பிறந்த தேதி வேறாயிற்றே என்று கேட்கலாம். அது தமிழ்நாட்டுக் கோப்புகளைப் படித்துப் பழகிய எந்திரம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகத் தலைமையாசிரியர்கள் போட்டுக் கொடுத்த ஜூன் மாதப் பிறந்த நாள்களை லட்சக்கணக்கில் பார்த்து, இந்த ஊரில் பிறந்த தேதியை நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தது. நல்ல மாணவன்.

வயதுவந்த நோயாளியின் விவரத்தை வாரிசிடம் சொல்லலாம், பெற்றோரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. குழந்தைவேலுவை மகனாக வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னேன்.

“அப்ப பிரிச்சிடுங்க. ரெண்டு ஆளுன்னு போட்டுடுங்க,” என்றார்.

“பிரிக்க முடியாது சார். ஒப்படைச்சவங்க சரின்னு கையெழுத்து போட்டாச்சு, வாங்குன நாங்களும் போட்டாச்சு. பதிஞ்சதை மாத்துறது குத்தம்.”

“புதுசா ஒண்ணு?”

“பிறந்து முப்பது நாளைக்குள்ள இருந்தா போடலாம்.”

“அவனுக்கு இருபத்தொன்பது வயசு.”

“கொஞ்சம் தாண்டிட்டாரு.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, அது வாயில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் ஷாஹினாவின் குரல் தூங்கி இரண்டு நாள் ஆனவர் குரல்.

“வயித்தைத் தொட்டாலே தெரியுதுங்க. கல்லு மாதிரி இருக்கு. ஆனா கோப்புல இல்லாத உறுப்பை நான் எப்படி எடுக்கறது? எடுத்து வெளிய வெச்சா, இது யாரோடதுன்னு கேப்பாங்க.”

“எவ்வளவு நேரம் தாங்கும் டாக்டர்?”

“சாயங்காலம் ஆறு, ஏழு. அதுக்கு மேல எனக்கே தெரியாது. சலைன் ஏறுது. அதுக்கு மட்டும் கோப்பு ஒத்துக்குது.”

நான் போனை வைத்ததும் குழந்தைவேலு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணும் பயமில்ல தம்பி. அத்தாட்சி கொண்டாந்து குடுத்துட்டேன். அப்பாவோட இறப்புச் சான்றிதழ். அப்ப யாரும் கேக்கல, வீட்லயே கிடந்துச்சு. கீழ தபால் கவுன்ட்டர்ல. செத்தவர் வேற, இருக்கறவன் வேறன்னு அதைப் பார்த்தாத் தெரிஞ்சிடும்ல?”

“எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?”

“பதினொன்னே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி. ரசீது இருக்கு.”

ரசீதில் 11.40 என்று இருந்தது. பெறப்பட்டது: இறப்புச் சான்றிதழ். பெயர்: கு. நமசிவாயம். பதிவாகும் நேரம்: மாலை 5.40.

அவர் ரசீதைத் திருப்பி வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒரு தரம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். மீட்டர் பார்த்தவருக்கு அது போதும்.

“கு. நமசிவாயம்னு இப்ப ஒரே கோப்புதானே இருக்கு,” என்றார்.

“ஆமா சார்.”

“அஞ்சு நாப்பதுக்கு என்ன ஆகும்?”

“கோப்பு மூடிடும். மூடுன கோப்புக்குச் சலைனும் நின்னுடும்.”

மஞ்சள் பையின் கைப்பிடியை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடியும் சுற்றினார்.

“திருப்பி வாங்கிட்டு வரட்டுமா? கவுன்ட்டர்ல நல்ல பொண்ணுதான் உக்காந்திருந்தா.”

கிரேஸ் மேடத்திடம் ஓடினேன். ஆவணப் பிரிவுத் தலைவி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மேசையில் காகிதமே இருக்காது. காகிதம் இருந்தால் அதைப் பதிய வேண்டும்.

“வந்த காகிதம் வந்ததுதான் பரிதி. திருப்பிக் குடுத்தா ஆவணம் காணாமப்போன கேஸ். ரெண்டு பேரும் உள்ள போவோம்.”

“ஒரு ஆள் செத்துப்போவான் மேடம்.”

“நாம கொல்லலையே. நாம வெச்சுக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்.”

“அஞ்சு நாப்பதுக்கு மேடம்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததே இல்லை.

“கோப்பைத் தொட முடியாது,” என்றார் மெதுவாக. “விரலைத் தொடலாம்.”

கோப்பு ஆளை விரலை வைத்துத்தான் அறியும். அந்தக் கைரேகை முகாம் நடந்ததெல்லாம் கல்யாண மண்டபங்களில். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று அறிவித்ததும் வரிசை கலைந்துவிடும். திரும்பி வந்து நிற்கும்போது புருஷன் விரல் பெண்டாட்டி கோப்பில், மாமியார் விரல் மருமகள் கோப்பில் ஏறிவிடும். இதற்காகவே ‘முகாம் பிழை’ என்று ஒரு காரணம் எங்களிடம் உண்டு. ஒரே குடும்பத்தில் இருவரின் விரல்களை மாற்றிக் கட்டலாம். விரல் இல்லாத கோப்பு இருக்கக் கூடாது என்பதால், ஒருவருடையதை எடுத்தால் மற்றவருடையதை அங்கே வைத்தாக வேண்டும்.

அதாவது, மகனின் விரலைக் குழந்தைவேலுவின் கோப்பில் கட்டலாம். அதில் குடல்வால் இருந்தது. பார்த்துவிட்டேன். குழந்தைவேலுவின் விரலை கு. நமசிவாயத்தின் கோப்பில் கட்ட வேண்டும். 5.40க்கு மூடப்போகும் கோப்பில்.

திரும்பி வந்து குழந்தைவேலுவிடம் சொன்னபோது, இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டார்.

“வயசு? அவனுக்கு அறுபத்தொன்னு ஆயிடுமே.”

போனில் டாக்டரைக் கேட்டோம். “அறுபத்தொன்னுக்குக் குடுக்கற மயக்க மருந்து அவனுக்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல முழிச்சாலும் முழிப்பான். ரெண்டு ஆளைப் பிடிக்கச் சொல்றேன். எனக்கு ஒரு கோப்பு குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“பிடிச்சுக்குவாங்கன்னா சரி,” என்றார் குழந்தைவேலு. பிறகு என்னிடம், “எனக்கு என்ன ஆகும்?”

“நீங்க இறந்தவரா இருப்பீங்க சார். கோப்புல மட்டும். ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, எதுவும் திறக்காது.”

“மூணு வேளையும் மாத்திரை போடறவன் நான்.”

“தெரியும் சார்.”

“அவன் என் கோப்புல இருந்தா, என் மாத்திரை அவனுக்கு வருமா?”

“மாசாமாசம் வீட்டுக்கே வரும்.”

“அதை யாரு முழுங்குறாங்கன்னு பாப்பீங்களா?”

“முழுங்குறது எங்க பிரிவு இல்ல.”

அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பற்கள் வரிசையாக, நன்றாக இருந்தன. “எங்கே வைக்கணும், காட்டு,” என்றார். அதுவரை நீங்க என்றவர் அங்கே நீ என்று மாறினார்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி மகனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கருவியில் வைத்தார். இங்கே இவர் வைத்தார். கிரேஸ் மேடம் வந்து, திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தன் விரலை வைத்துவிட்டுப் போனார். மனு மேலே போய்த் திரும்பி வந்து, 4.50க்கு மாற்றம் பதிவானது. 4.58க்கு டாக்டரிடமிருந்து, தியேட்டர் திறந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது.

குழந்தைவேலு போகவில்லை. 5.40ஐப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருந்தார். மணி ஆனதும் திரையில் கு. நமசிவாயத்தின் பெயர் சாம்பல் நிறமானது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

லிஃப்ட் அவர் விரலுக்குத் திறக்கவில்லை. ஆறு மாடியும் படியிறங்கிப் போனார்.

மகன் நடுவில் முழித்தானாம். ‘அம்மா’ என்று ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு மறுபடியும் மயங்கிவிட்டானாம். பிழைத்துக்கொண்டான். பத்தாம் நாள் வேலைக்குப் போனான். அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் மாதாமாதம் அவன் விரலுக்கு வந்தன, அப்பா விழுங்கினார். இதற்கு மேல் ஒரு காப்பீடு ஒழுங்காக நடக்க முடியாது என்று நான் நினைத்தேன். மூன்று மாதம் நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலையில் உட்கார்ந்ததும் திரையில் முதல் வேலையாக அது நின்றது.

கு. நமசிவாயம். மூடிய கோப்பு. இறந்தவரின் விரல் இறப்புக்குப் பின் மூன்று முறை வைக்கப்பட்டுள்ளது: அலுவலக லிஃப்ட், ரேஷன் கடை, மெட்ரோ நிலையம். மேலும், உடல் ஒப்படைத்ததற்கான ஆவணம் இல்லை. கோப்பு முழுமையற்றது.

கீழே இரண்டு பொத்தான்கள். ‘கோப்பைத் திருத்துக’ என்பது மங்கலாக, அமுக்க முடியாதபடி இருந்தது. ‘களத்தைத் திருத்துக’ என்பது பச்சையாக இருந்தது.

பச்சைப் பொத்தானை நான் புதிதாகப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக மாதத்துக்கு முப்பது, நாற்பது என்று அமுக்கியிருக்கிறேன். அமுக்கினால் களப் பிரிவுக்குப் போகும். மறுநாள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று வரும். கோப்பில் ஒரு காலும் வாசலில் இரண்டு காலுமாக இருப்பவர்கள், கோப்பில் பார்வையில்லாமல் வீட்டில் செய்தித்தாள் படிப்பவர்கள். எல்லாரையும் அனுப்பியிருக்கிறேன். போய் விசாரித்துவிட்டு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கிரேஸ் மேடத்திடம் போனேன்.

“மேடம், களப் பிரிவுல யாரு வேலை பாக்கறாங்க?”

“தெரியாதுப்பா.”

“எந்த மாடி?”

“நம்ம பில்டிங் இல்லன்னு நினைக்கிறேன். நல்ல வேலைக்காரங்க. ஒரு கேஸ்கூடத் திரும்பி வந்ததில்ல.” என் முகத்தைப் பார்த்தார். “யாரு?”

சொன்னேன். அவர் மேசையின் காலி இடத்தைத் துணியால் துடைத்தார்.

“நான் அமுக்கலேன்னா என்ன ஆகும் மேடம்?”

“மூணு நாள். அப்புறம் வேற ஆளுக்குப் போகும். அந்த ஆளு, இந்த விரல் எப்படி இங்க வந்துச்சுன்னு பாப்பான். நம்ம மாத்துனதைத் திறப்பான். பழையபடி கட்டுவான். அப்புறம் செத்தவன் கோப்புல இருக்கறது அந்தப் பையன் விரல்.” துணியை மடித்தார். “நம்ம ரெண்டு பேரும் மாட்டுவோம். அதை விடு. அந்தப் பையன்.”

புதன்கிழமை காலை பம்மலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கையில் அலுவலக டேப்லட். என்ன சொல்வது என்று பல்லாவரம் மேம்பாலம் வரைக்கும் யோசித்தேன், அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. வண்டியை வீட்டு கேட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டு அழைப்பு மணியை அடித்தேன்.

குழந்தைவேலு லுங்கியும் பனியனுமாக வந்து கதவைத் திறந்தார். மனைவி சந்தைக்குப் போயிருந்தார். மகன் வேலைக்குப் போயாகிவிட்டது.

“வா தம்பி. இளைச்சுப் போயிட்டே. ஆபீஸ்ல சாப்பாடு போடறாங்களா இல்லையா?”

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்.

“அந்தப் பச்சையை அமுக்கினா அவன் கோப்பைத் தொடுவாங்களா?”

“தொட மாட்டாங்க சார். உங்க பேர்ல இருக்கற கோப்பு சுத்தமா இருக்கு. நாம மாத்துனதைத் திறந்தாத்தான் வம்பு.”

“இன்னிக்குதான் மூணாம் நாளா?”

“ஆமா.”

“களப் பிரிவுன்னா என்ன பண்ணுவாங்க?”

“தெரியாது சார்.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “எங்கேயாவது போயிடுங்க சார். விரலை எங்கேயும் வைக்காம, ஊர்ப் பக்கம்...”

“போனா, ஆளைக் காணோம்னு கோப்புல வரும். அதை விசாரிக்க இன்னொருத்தன் வருவான். நோண்டுவான்.” கையை நீட்டினார். “குடு அதை.”

“நான் அமுக்கறேன்னு சொல்ல வரல சார்.”

“நீ சொல்லல. குடு.”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த அத்தனையையும் படித்தார். ‘முழுமையற்றது’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்றார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டவர் போலத் தலையை ஆட்டினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். அப்படி அமுக்க என் விரல்தான் வேண்டும் என்று எந்திரம் கேட்கும், கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். காலையில் நானே டேப்லட்டைத் திறந்து வைத்திருந்ததால் அது கேட்கவில்லை.

நன்றி, எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்தன.

“எத்தனை போடணும்?”

“உங்க இஷ்டம் சார்.”

நாலு போட்டார். “அஞ்சு போட்டா தலைக்கனம் வந்துடும்.”

பக்கம் மாறியது. வழக்கமாக மறுநாள் வரும் வரி அப்போதே வந்துவிட்டது. சரிசெய்யப்பட்டது. உடல் ஒப்படைக்கப்பட்டது. கோப்பு முழுமை. நேரம்: காலை 11.20.

நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. என் கைப்பேசியிலும் அதேதான். கடிகாரம் மெதுவாக ஓடுகிறதோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

டேப்லட்டை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் சுவரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எண்களைப் பார்த்தவர். இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள அவருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

“இன்னும் கால் மணி நேரம் இருக்கு,” என்றார். எழுந்து உள்ளே போனார். தண்ணீர் மோட்டாரை அணைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டையும் பேன்டுமாக, தலையை வாரிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு டம்ளர் காபி. ஒன்றை என்னிடம் கொடுத்தார். சூடாக இருந்தது.

“தம்பி, ஒரு உதவி பண்ணு.”

“சொல்லுங்க சார்.”

“உன் வண்டியைக் கேட்டுக்கு எதிர்லயே விட்டிருக்கே பாரு. அதைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வெச்சிடு. குறுகலான தெரு. அவங்க வண்டி நிக்க இடம் வேணும்.”

காபியை வைத்துவிட்டு வெளியே போனேன். எடுத்து ஓரமாக வைத்தேன்.